நிறுத்தக்கூடிய நாடகம்

2017ஆம் ஆண்டு வைகாசியில், மருத்துவபீடத்தின் மூன்றாம் வருட மாணவர்கள் பன்னிரண்டு பேரை எட்டு வாரப் பயிற்சிக்காக மன்னார்க் கரையோர ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். எங்களில் ஏழு பேர் பெண்கள். சுகந்தினிக்கும் எனக்கும் மட்டும் அது சொந்த மாவட்டம். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர் ஒன்று என்னுடையது. அவளுக்கு விடத்தல்தீவு. ஆனால் அவள் பிறந்தது இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில். சண்டை முடிந்த அடுத்த வருடம், பதினேழு வயதில், தாய் தகப்பனோடு திரும்பி வந்தாள். தகரக் கொட்டிலில் இருந்து படித்து, இரண்டாம் தரம் சோதனை எடுத்து மருத்துவபீடத்துக்கு வந்தாள். எங்களோடு எங்களைப் போலத்தான் பேசுவாள். மனம் குழம்பினால் மட்டும் இந்தியத் தமிழ் வந்துவிடும். நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அங்கே எங்களுக்குப் படிப்பித்தவர் டொக்டர் ஜெகதீபன். நாற்பது வயதிருக்கும். சனங்கள் மீளக் குடியேறத் தொடங்கிய காலத்தில், அந்த ஆஸ்பத்திரிக்குக் கூரைகூட இல்லாதபோது, எல்லோரும் வர மறுத்த இடத்துக்குக் கேட்டு வந்தவர். கூடாரத்துக்குள் பிரசவம் பார்த்தவர். வெள்ளம் வந்த வருடம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போய் ஒரு தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியவர். ஊர்களில் அவருடைய பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்திருந்தார்கள். நாங்களும் முதல் வாரம் அவரைப் பார்த்துப் பிரமித்துத்தான் போயிருந்தோம்.

மூன்றாம் வாரம் ஒரு காலை, கர்ப்பிணித் தாய்மாரின் வார்டில் நான் ஒரு தாயின் இரத்த அழுத்தத்தை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. உள்ளே டொக்டர் சுகந்தினிக்கு, தாயின் வயிற்றில் கைவைத்துப் பிள்ளையின் தலை எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். அவருடைய குரல் தாழ்ந்தது.

“பயப்பிடாதையும். படிப்பெண்டால் தொட்டுத்தான் வரும்.”

சுகந்தினி மிக மெதுவாக, “கையை எடுங்க டாக்டர்,” என்றாள்.

அவர் சிரித்தார். இந்தக் கூச்சத்தை வைத்துக்கொண்டு எப்படி டொக்டராகப் போகிறீர் என்று கேட்டார். அவளுடைய பயிற்சிப் புத்தகத்தில் தான் வைக்கவேண்டிய கையெழுத்து இன்னும் ஆறு இருக்கிறது என்றார்.

நான் நின்றேன். வேறொன்றும் செய்யவில்லை. என் கைக்கு எட்டுகிற தூரத்தில் திரை இருந்தது. சற்று நேரத்தில் அவள் வெளியே வந்து, என்னைக் கடந்து, கை கழுவுகிற இடத்துக்குப் போனாள். அன்று பின்னேரம் விடுதியில் தன் வெள்ளைக் கோட்டை இரண்டு தரம் தோய்த்தாள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் அங்கே நின்றது தெரிந்துவிடும்.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரியின் அத்தியட்சகர் டொக்டர் ஹலீம் எங்களைக் கூப்பிட்டார். மாணவர்களும் ஊழியர்களும் பார்ப்பதற்கு ஒரு நாடகம் போடவேண்டும், நாங்கள்தான் நடிக்கவேண்டும் என்றார். அதைப் பழக்குவதற்கு மட்டக்களப்பிலிருந்து சிவலட்சுமி என்றொருவர் வந்திருந்தார். மீள்குடியேறிய ஊர்களில் கண்ணிவெடி, மதுப் பிரச்சினை என்று மரங்களின் கீழே நாடகம் செய்து திரிந்தவர். பார்க்கிறவர்கள் இடையில் நிறுத்தி, தாங்களே ஏறி நடிக்கலாம் என்பதுதான் அவருடைய நாடகங்களின் விசேஷம். எதற்காக இப்போது நாடகம் என்று அத்தியட்சகர் சொல்லவில்லை. ஆலோசனைப் பெட்டிக்குள் பெயரில்லாத கடிதம் ஒன்று விழுந்திருந்ததும், பெயரில்லாமல் விசாரணை தொடங்க அவரால் முடியாமலிருந்ததும் பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் சிவலட்சுமி மிஸ் எங்களுக்குக் கதையோ வசனமோ தரவில்லை. புதிய வெளிநோயாளர் மண்டபத்தின் நிலத்தில் வெண்கட்டியால் ஆஸ்பத்திரியின் படத்தைக் கீறச் சொன்னார். வார்டுகள், மருந்தகம், அத்தியட்சகரின் கந்தோர், விடுதிக்குப் போகிற பாதை எல்லாவற்றையும் கீறினோம். பெண்கள் ஒவ்வொருவருக்கும் மருந்து குடிக்கிற சின்னப் பிளாஸ்ரிக் கோப்பை ஒன்று தந்தார். தனியாகப் போக விருப்பமில்லாத இடத்தில் அதைக் கவிழ்த்து வைக்கவேண்டும். ஒருத்தி வைக்கும்போது மற்றவர்கள் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும்.

எல்லோரும் வைத்து முடிந்ததும் திரும்பிப் பார்த்தோம். ஒரு கோப்பை பிரேத அறைக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னொன்று விடுதிப் பாதையில், விளக்கில்லாத வளைவில் இருந்தது. மற்ற ஐந்தும் ஒரே இடத்தில், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, கர்ப்பிணி வார்டின் திரைக்குள் இருந்தன.

நான்கு கிழமையாக ஒரே விடுதியில் படுத்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் தலை பின்னிவிட்டிருக்கிறோம். ஒருத்திக்குத்தான் நடந்தது, அதுவும் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அந்த ஐந்து கோப்பைகளையும் இரண்டு தரம் எண்ணினேன். மிஸ் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அங்கிருந்தே தொடங்குவோம் என்று மட்டும் சொன்னார்.

டொக்டராக நடிக்கப் பெடியன்கள் மறுத்துவிட்டார்கள். அவருடைய கையெழுத்து தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அதில் பொய்யில்லை. சிறிது நேரம் கழித்துச் சுகந்தினி, தான் செய்வதாகச் சொன்னாள். மாணவியாக ஜெயந்தினி நடிக்க ஒப்புக்கொண்டாள். நோயாளிக்கு வசனம் இல்லை என்பதால் கட்டிலில் ஒரு தலையணையை வைத்துப் போர்த்துவிட்டோம். அது எங்களில் ஒருவருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

எல்லாம் சரியென்று நினைத்தபோது சுகந்தினி, இன்னொன்று வேண்டும் என்றாள். திரைக்கு வெளியே, கீழே தெரிகிற மாதிரி ஒரு சோடிச் சப்பாத்து வைக்கவேண்டுமாம்.

“அண்டைக்கு ஒரு சோடிச் சப்பாத்து அதில நிண்டது,” என்றாள். “இடது பக்க நாடா அவிழ்ந்து கிடந்தது.”

அவள் என்னைப் பார்க்கவில்லை.

“அது நான்தான்,” என்றேன்.

“தெரியும்.”

“ஏன் என்னைக் கேக்கேல்லை?”

“என்னெண்டு கேக்கிறது? நானும் உன்னைக் கூப்பிடேல்லையே.”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இருக்கவில்லை. வெறும் சப்பாத்து வேண்டாம், அதில் நானே நிற்கிறேன் என்று சொன்னேன். அப்படித்தான் எனக்கும் ஒரு பாத்திரம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாடகம் நடந்தது. நூற்றைம்பது பேர் வரையில் வந்திருந்தார்கள். முன்னால் டொக்டர்களும் தாதிமாரும் கதிரைகளில் இருந்தார்கள். பின்னால் பயிற்சித் தாதிகள், மருத்துவிச்சிகள், சிற்றூழியர்கள். அதற்கும் பின்னால், வார்டுகளிலிருந்து எழுந்து வரக்கூடிய நோயாளிகள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். டொக்டர் ஜெகதீபன் இரண்டாம் வரிசையில், கால்மேல் கால் போட்டு இருந்தார்.

சுகந்தினி கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வலது கையைப் பைக்குள் விட்டு, பாரத்தை ஒரு காலில் போட்டு, தலையைச் சற்றுச் சரித்து நின்றாள். அவ்வளவுதான் செய்தாள். சபை முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். ஐந்தடி உயரப் பெட்டை எங்கள் கண் முன்னால் வேறொரு ஆளாகிவிட்டாள். திரைக்குள்ளே போனாள். ஜெயந்தினியின் பின்னால் போய் நின்று, ஒரு கையால் அவளுடைய கையைத் தலையணை மேல் அழுத்திக்கொண்டு, மற்றக் கையை அவளுடைய இடுப்பில் வைத்தாள். சபைப் பக்கத்துத் திரை மட்டும் திறந்திருந்ததால் எல்லோருக்கும் தெரிந்தது.

“பயப்பிடாதையும். படிப்பெண்டால் தொட்டுத்தான் வரும்.”

சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. படிப்படியாக அடங்கவில்லை, அறுந்தது. பின்வரிசைகளில் பயிற்சித் தாதிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன்.

முதல் தரம் நாடகம் அப்படியே ஓடி முடிந்தது. மாணவி அழுதுகொண்டு போனாள். சப்பாத்துக்காரியாகிய நான் நின்ற இடத்திலேயே நின்றேன். சிவலட்சுமி மிஸ் முன்னால் வந்து, இதை மறுபடி நடிக்கப் போகிறோம் என்றார். மாற்றவேண்டும் என்று நினைக்கிறவர் கை தட்டி நிறுத்தலாம். மாணவியின் இடத்திலோ, வெளியில் நிற்பவளின் இடத்திலோ வந்து நடிக்கலாம். டொக்டரை மட்டும் யாரும் மாற்றமுடியாது, நாங்கள் ஆசைப்படுவதால் அவர் நல்லவராகிவிடப் போவதில்லை என்றார்.

முதலில் ஒரு பயிற்சித் தாதி வந்து, கை பட்டதும் உரத்துக் கத்தினாள். சுகந்தினி அசையவில்லை. சத்தம் போட்டால் நோயாளிக்குப் பிறஷர் ஏறும், இதுவும் ஒரு பாடம் என்று அமைதியாகச் சொன்னாள். கத்தியவள்தான் குற்றவாளி போல் நின்றாள். அடுத்து எங்கள் வகுப்புப் பெடியன் ஒருவன் மாணவியாக வந்து, தலை சுற்றுகிறது என்று நழுவப் பார்த்தான். சுகந்தினி அன்பாக, போய்ப் படும், கையெழுத்துக்குப் பிறகு தனிய வாரும் என்றாள். மருத்துவிச்சி ஒருவர் என் இடத்துக்கு வந்து திரையை இழுத்துத் திறந்தார். “நல்ல நேரம் வந்தீங்கள், கையுறை ஒரு சோடி எடுத்துக்கொண்டு வாங்கோ,” என்றாள் சுகந்தினி. அந்த அம்மா, பழக்கதோஷத்தில், உண்மையாகவே கையுறை எடுக்கத் திரும்பிவிட்டார். பாதி தூரம் போனபிறகுதான் நின்றார்.

அவளுக்கு ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. யோசிக்கக்கூட இல்லை. அந்த மூன்று வாரமும் அவள் எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறாள் என்று நான் வியந்துகொண்டு நின்றேன். கடைசியாக ஒருத்தி, மேலிடத்தில் முறையிடுவேன் என்று பயமுறுத்தினாள். சுகந்தினி சிரித்தாள்.

“சொல்லும். இந்த ஆஸ்பத்திரிக்குக் கூரை இல்லாத நாளில ஆர் நிண்டது எண்டும் கேட்டுப்பாரும். பிறகு ஆற்ற சொல்லை நம்புவினமெண்டு பாப்பம்.”

அதற்கு மேல் யாரும் கை தட்டவில்லை. மிஸ் காத்துக்கொண்டு நின்றார். வெளியே ஒரு கழுதை கத்திக்கொண்டு போனது. இதற்கு வழியே இல்லைப்போல என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது.

அப்போது பின்சுவரிலிருந்து கைதட்டும் ஓசை கேட்டது. மேரி ரோஸ் என்ற தாய். எட்டு மாதம். கால்கள் வீங்கி, அழுத்தம் ஏறி, இரண்டாம் தரமாக எங்கள் வார்டில் அனுமதிக்கப்பட்டிருந்தார். மன்னார்த் தீவின் வடகரையில் மீன் காயவைக்கிறவர். ஆஸ்பத்திரிச் சட்டையோடு, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, கதிரைகளுக்கு நடுவால் மெதுவாக நடந்து வந்தார்.

“நான் படிச்சனான் இல்லை. அந்தப் பிள்ளையாய் நடிக்கத் தெரியாது,” என்றார். “தலையணையாய் வரலாமோ?”

சிவலட்சுமி மிஸ் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “வாங்கோ அம்மா,” என்றார்.

மேரி ரோஸ் தலையணையை எடுத்துத் தன் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் படுத்தார். அந்தக் கட்டிலில் ஒரு மனுசி கிடக்கிறாள் என்பதை அப்போதுதான் நாங்கள் பார்த்தோம். டொக்டராகப் போகிற பன்னிரண்டு பேரும் நாலு நாளாக அந்த இடத்தில் தலையணையை வைத்திருந்தோம்.

நாடகம் மறுபடி தொடங்கியது. சுகந்தினி வந்தாள். ஜெயந்தினியின் கையை எடுத்து மேரி ரோஸின் வயிற்றில் வைத்தாள். மற்றக் கை இடுப்புக்குப் போனது. “பயப்பிடாதையும்,” என்று தொடங்கினாள்.

மேரி ரோஸின் கை நீண்டு வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தது. உப்பிலும் மீனிலும் வேலை செய்த கை.

“டொக்டர், பிள்ளை என்ர வயித்திலதான் கிடக்கு. அவவின்ர இடுப்பில என்ன தேடுறியள்?”

சத்தமாகச் சொல்லவில்லை. மருந்து எத்தனை தரம் குடிக்கவேண்டும் என்று கேட்பது போலத்தான் கேட்டார். சபையில் ஒரு சிரிப்பு வெடித்து உடனே அடங்கியது. எல்லோரும் சுகந்தினியின் பதிலுக்குக் காத்திருந்தோம்.

அவளுடைய வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. நான் ஓரடி தூரத்தில் நின்று பார்த்தேன். தேடினாள், உண்மையாகவே தேடினாள். இவ்வளவு நேரமும் தட்டுப்படாமல் வந்த சொற்களில் ஒன்றுகூட இல்லை. சரிந்திருந்த தலை நிமிர்ந்தது. ஒரு காலில் போட்டிருந்த பாரம் இரண்டு காலுக்கும் வந்தது. அந்தப் பெரிய மனிதர் அவளைவிட்டுக் கழன்று போவதை நூற்றைம்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மேரி ரோஸ் கையை விடவில்லை. எழுந்து கட்டிலில் இருந்துகொண்டார்.

“கிடக்கிற எங்களுக்குக் கண் இல்லையெண்டோ நினைச்சவர்?” அவர் இப்போது சபையைப் பார்த்துப் பேசினார். “போன மாதமும் பாத்தனான், இந்த மாதமும் பாத்தனான். என்ர பிள்ளையை அவர்தானே எடுக்கவேணும் எண்டு வாயை மூடிக்கொண்டு கிடந்தன்.”

அது நாடகம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. டொக்டர் ஜெகதீபன் எழுந்தார். இது கலை அல்ல, அவமதிப்பு என்று அத்தியட்சகரிடம் சொல்லிவிட்டு வெளியேறினார். அவர் எழுந்தால் கூடவே எழுகிறவர்கள் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். அன்று ஒருவரும் எழவில்லை. அவருடைய சப்பாத்துச் சத்தம் நடைபாதையின் கடைசிவரைக்கும் எங்களுக்குக் கேட்டது.

மேரி ரோஸுக்கு அழுத்தம் கூடியிருந்தது. தாதிமார் ஓடிவந்து அவரைச் சில்லுக்கதிரையில் வைத்துக் கொண்டுபோனார்கள். டொக்டர் ஹலீம் கதிரைக்குப் பக்கத்தில் குனிந்து நடந்துகொண்டே, பிள்ளையைப் பற்றி யோசிக்கவேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப் போவதாகச் சொன்னார். அன்றிரவே கொண்டுபோனார்.

மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியின் கீழே சுகந்தினி கோட்டோடு குந்தியிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

“அந்த அக்கா கையப் பிடிச்சப்ப பயம் வந்துச்சு,” என்றாள். “எனக்கில்ல. அவருக்கு. அவரா நின்னதால எனக்குத் தெரிஞ்சது. இவ்வளவு லேசாப் பயப்படுறவரா அவரு?”

கடலின் மேல் ஏதோ அதிசயத்தைக் கண்டுவிட்டு வந்தவள் போல அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். இந்தியத் தமிழ் என்று எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் ஐந்து மாணவிகளும் இரண்டு பயிற்சித் தாதிகளும் பெயர் போட்டு அத்தியட்சகரிடம் எழுதிக்கொடுத்தார்கள். எழுதிக்கொடுத்தோம் என்று சொல்ல எனக்கு ஆசை. என் பெயர் அந்த ஐந்தில் இல்லை. எனக்கு எதுவும் நடக்கவில்லை, பிரேத அறைக்குப் பக்கத்தில் கோப்பையை வைத்தவள் நான். எட்டாவது ஆளாக, திரைக்கு வெளியில் நின்று கேட்டதை எழுதினேன். ஒன்றும் செய்யாமல் நின்றேன் என்பதையும் எழுதினேன். அந்த ஒரு வரியை எழுத அரை நாள் எடுத்தது.

விசாரணை வர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் ஊர்களில் கதை பரவியது. டொக்டரை மாற்றக்கூடாது என்று நானூறு கையெழுத்தோடு ஒரு மனு போனது. கையெழுத்திட்டவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலருடைய பிள்ளைகள் உயிரோடிருக்க அவர்தான் காரணம். சுகந்தினியின் தகப்பனிடம் யாரோ கரையில் வைத்துக் கேட்கக்கூடாததைக் கேட்டிருக்கிறார்கள். அவர் இரண்டு கிழமை மகளோடு பேசவில்லை. மூன்றாம் கிழமை, விசாரணை நாள் எது என்று மட்டும் கேட்டாராம்.

அன்று காலை கந்தோருக்கு வெளியே வாங்கில் நாங்கள் எட்டுப் பேரும் வரிசையாக இருந்தோம். சுகந்தினியின் தகப்பன் முற்றத்தில் நின்றார். உள்ளே வெளியூரிலிருந்து வந்த மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். ஒன்பது மணி பஸ் வந்து நின்றது. மேரி ரோஸ் கைப்பிள்ளையோடு இறங்கினார். அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு தாய்மார். பிறகு பர்தா அணிந்த இருவர். பிறகு கட்டுக்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவளை நான் சின்ன வயதிலிருந்தே அறிவேன். மொத்தம் ஆறு பேர் இறங்கினார்கள். வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு கட்டில்களில் கிடந்தவர்கள். மேரி ரோஸ் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த நாட்களில், பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லத் தொடங்கி, அவள் இன்னொருத்தியிடம் சொல்லி, இப்படிச் சேர்ந்தவர்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை. கண்டதைச் சொல்ல வந்திருப்பதாக வாசலில் நின்ற பியோனிடம் சொன்னார்கள்.

வாங்கில் இடம் போதவில்லை. நாங்கள் எழுந்து அவர்களை இருக்கவைத்தோம். சுகந்தினி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அந்த ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோயிலில் சாமி வெளியே வரும்போது ஒருவிதமாக மனம் ஒடுங்கி நிற்குமே, அப்படி நின்றேன்.

டொக்டர் ஜெகதீபனை இடம் மாற்றினார்கள். மாணவர்களுக்குப் படிப்பிக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். மேல் நடவடிக்கை என்று எழுதப்பட்டது மூன்று வருடம் கழித்தும் கோப்பில்தான் இருந்தது. அவர் இப்போதும் எங்கோ வேலை செய்கிறார். அந்த ஆஸ்பத்திரியில் திரைக்குள் படிப்பிக்கும்போது, மாணவி கேட்டுக்கொள்கிற ஒருவர் கூடவே நிற்கவேண்டும் என்றும், நோயாளியின் சம்மதத்தை அவர் வாயால் கேட்கவேண்டும் என்றும் விதி வந்தது. எங்கள் புத்தகங்களில் இன்னொரு டொக்டர் சோதித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

அவருடைய இடத்துக்கு ஆள் வர மூன்று மாதம் ஆனது. அதுவரை பிள்ளைத்தாய்ச்சிகள் வெயிலில் பஸ் ஏறி மன்னார் ரவுணுக்குப் போகவேண்டியிருந்தது. அந்த அலைச்சலுக்கு எங்களைத்தான் திட்டினார்கள், சந்தையில் என் அம்மாவின் முகத்துக்கு நேரேயும் திட்டினார்கள். ஆனால் திட்டியவர்களில் ஒருத்திகூட நாங்கள் பொய் சொன்னதாகச் சொல்லவில்லை.